பன்னிரண்டு மணி விமானம்

அத்தியாயம் ஐந்து

“கல்யாணம் நின்னு போச்சுன்னா என் புது கோட்டைப் போட்டுக்கிட்டு நான் எங்கதான் போறது?”

அழுதுகொண்டிருந்த ஜனனி சட்டென்று நிமிர்ந்தாள். கண்ணில் நீர், உதட்டில் பாதிச் சிரிப்பு.

கேட்டவன் ஆஷிக். சிரிக்க வைப்பது அவனுடைய இன்னொரு தொழில். வாரநாட்களில் துப்பறியும் நித்யாவின் உதவியாளன். சனி, ஞாயிறு என்றால் கோலாலம்பூரைச் சுற்றி, கிள்ளானிலிருந்து அம்பாங் வரை, கல்யாண மண்டபங்களில் மைக் பிடித்து நிகழ்ச்சி நடத்தும் எம்சி. ஜனனியின் கல்யாணத்துக்கும் அவன்தான் எம்சி. அந்த அறிமுகத்தில்தான் அவள் இன்று மதியம் கிள்ளானிலிருந்து கிளம்பி வந்து, பிரிக்ஃபீல்ட்ஸ் பூக்கடைக்கு மேலே இருந்த இந்தச் சின்ன அலுவலகத்தின் படியேறியிருந்தாள்.

“கோட்டைப் பத்தி அப்புறம் பேசலாம், தண்ணி கொண்டா” என்றாள் நித்யா. முப்பத்தெட்டு வயது. கைத்தறி குர்தா, கொண்டையில் குத்திய பென்சில். யாராவது அழுதால் மேசைக்கு அந்தப் பக்கம் உட்காராமல் பக்கத்து நாற்காலிக்கு வந்துவிடுவாள். “சொல்லுங்க ஜனனி. என்ன காணாமப் போச்சு?”

“கழுத்துரு.”

ஆஷிக் தண்ணீர்க் குவளையோடு நின்றான். “அது என்னது?”

“எங்க செட்டியார் கல்யாணத்துல மாப்பிள்ளை கட்டுற தாலி. பெரிய பெரிய தங்க உருவா கோத்து, கழுத்தை நிறைச்சு இருக்கும். எங்க அம்மா கழுத்துல ஏறினது. பொண்ணு வீட்டுலதான் வச்சிருப்போம். வர்ற ஞாயித்துக்கிழமை நவீன் அதை எனக்குக் கட்டணும். போன ஞாயித்துக்கிழமை காணோம்.”

“எப்ப கவனிச்சீங்க?”

“நானும் அம்மாவும் நாலரைக்குத் தையல் கடைக்குப் போனோம். ஆறரைக்கு வந்து அலமாரியைத் திறந்தா பெட்டி இருக்கு, உள்ள ஒண்ணும் இல்ல. பூட்டு உடையல. சாவி எப்பவும் போல சாமி படத்துக்குப் பின்னாலயே இருந்துச்சு.”

“வாசல் சாவி?”

“பூந்தொட்டிக்கு அடியில. அது எங்க தெருவுக்கே தெரியும்.”

“திருடனுக்கு மட்டும் சொல்லாம மறைச்சிருப்பீங்க” என்றான் ஆஷிக்.

நித்யா அவனைப் பார்க்காமலேயே கேட்டாள். “சாமி படத்துக்குப் பின்னால சாவி இருக்கிறது யாருக்கெல்லாம் தெரியும்?”

“அம்மாவுக்கு. எனக்கு. சேவுகன் அம்மானுக்கு.” ஜனனியின் குரல் இறங்கியது. “அப்புறம் நவீனுக்கு. போன மாசம் அவர் எதிர்லதான் அம்மா சாவியை எடுத்தாங்க. அன்னைக்கு அஞ்சு மணிக்கு அவர் கார் எங்க கேட்டுல நின்னதை எதிர்வீட்டு ஆன்டி பார்த்திருக்காங்க. தாம்பூலப் பை சாம்பிளைக் காட்டுறதுக்கு வந்தாராம். ஆள் இல்லன்னு கேட்டுல மாட்டிட்டுப் போயிட்டாராம். அம்மா நம்பல. போன் பண்ணி, ‘நீ எடுத்தியா?’ன்னு நேரா கேட்டுட்டாங்க.”

அதற்குப் பிறகு நடந்ததை யாரும் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. நவீனின் அப்பா அம்மா சுபாங் ஜெயாவிலிருந்து இன்று மாலை ஏழு மணிக்கு வருகிறார்கள். நிச்சயத் தட்டைத் திருப்பிக் கொடுக்க. நவீனுக்கு ஆஸ்திரேலியாவில், பெர்த் நகரத்தில் வேலை. மாதக் கடைசியில் சேர வேண்டும். இருவருமாகப் போக வேண்டிய பயணத்தில் அவன் தனியாகப் போவான். திருடன் என்ற பெயரையும் எடுத்துக்கொண்டு.

“நீங்க நவீனை நம்புறீங்களா?”

“நான் அவர்கிட்ட கேக்கவே இல்லக்கா” என்றாள் ஜனனி. நித்யாவுக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது.

“சரி. சேவுகன் அம்மான் யாரு?”

“அம்மாவோட தம்பி. எங்க அப்பச்சி, அதான் அப்பா, தவறினப்ப எனக்கு மூணு வயசு. அம்மா துணிக்கடையைப் பார்த்தாங்க, என்னைப் பார்த்துக்கிட்டது அம்மான். கல்யாணமே பண்ணிக்கல. அவரைச் சந்தேகப்படவே வேணாம்க்கா. அன்னைக்கு அவர் ஆகாயத்துல இருந்தார். காரைக்குடிக்குப் போய் பத்திரிகை வச்சுட்டு ஞாயித்துக்கிழமைதான் திரும்பினார். திருச்சியில பன்னெண்டு மணிக்கு ப்ளைட். வீட்டுக்கு வந்தப்ப ராத்திரி எட்டு.”

ஆஷிக்கின் கட்டை விரல்கள் போனில் ஓடத் தொடங்கின. ஊர்களின் பெயரைப் போட்டால் நடுவில் எத்தனை தூரம், பறக்க எவ்வளவு நேரம் என்று சொல்லும் பக்கம் ஒன்று அவன் வசம் இருந்தது.

“திருச்சி டு கேஎல். ரெண்டாயிரத்து எழுநூறு கிலோமீட்டர் பக்கம். நாலு மணி நேரம்.” விரலை மடக்கினான். முகம் பளிச்சென்று ஆனது. “பன்னெண்டுக்குக் கிளம்பினா நாலு மணிக்கு இறங்கியாச்சு! எட்டு வரைக்கும் அங்கிள் எங்க இருந்தார்? பாஸ், கேஸ் முடிஞ்சுது. வாங்க மாக்கான் போகலாம், பசிக்குது.”

“இந்தியா நமக்கு எவ்வளவு பின்னால ஆஷிக்?”

“எதுல பாஸ்? பேட்மிண்டன்லயா?”

“கடிகாரத்துல.”

ஆஷிக்கின் முகத்து வெளிச்சம் பாதியாகக் குறைந்தது. “ரெண்டரை மணி நேரம்.”

“அங்க பன்னெண்டுன்னா இங்க ரெண்டரை. அதோட நாலைக் கூட்டு.”

“ஆறரை.”

“இறங்கி, வரிசையில நின்னு, பெட்டி எடுத்து, டாக்சி பிடிச்சு கிள்ளான் வர எட்டு.” நித்யா தன் போனில் விமான நேரங்களைத் தேடிக்கொண்டே பேசினாள். “அன்னைக்குத் திருச்சியில இருந்து ரெண்டு ப்ளைட். காலையில ஒன்பதரைக்கு ஒண்ணு, பன்னெண்டுக்கு ஒண்ணு. ரெண்டும் நேரத்துக்குத்தான் இறங்கியிருக்கு.”

“கேஸ் முடியல” என்று ஆஷிக் ஒத்துக்கொண்டு கார் சாவியை எடுத்தான்.

பெடரல் நெடுஞ்சாலை அன்றும் தன் வழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை. முன்னால் லோரி, பின்னால் லோரி, பக்கத்தில் பஸ். ஆஷிக் ஸ்டியரிங்கில் தாளம் போட்டான்.

“பிரிக்ஃபீல்ட்ஸ்ல இருந்து கிள்ளான் முப்பது கிலோமீட்டர்தான் பாஸ். இந்த வேகத்துல போனா ரெண்டாயிரத்து எழுநூறு கிலோமீட்டருக்கு எவ்வளவு நேரமாகும்னு கணக்குப் போடவா?”

“வேணாம். ஒரு கணக்குப் போட்டது போதும்.”

பின் ஸீட்டில் ஜனனி களுக்கென்று சிரித்துவிட்டு, சிரித்ததற்காக வெட்கப்பட்டாள்.

கிள்ளான் வீட்டு வாசலுக்குக் கொஞ்சம் தள்ளி, மரநிழலில் ஒரு வெள்ளைக் கார் நின்றது. அதில் சாய்ந்து நின்ற இளைஞனைப் பார்த்ததும் ஜனனி துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள். நவீன். நெடுநெடுவென்ற உடம்பு, தூங்காத கண்கள்.

“உள்ள வரலயா?” என்றாள் நித்யா.

“கூப்பிடாம எப்படிக்கா வர்றது? இவளைப் பார்த்துட்டுப் போயிடலாம்னு நின்னேன்.”

“அன்னைக்குக் கேட்டைத் தாண்டினீங்களா?”

“இல்ல. பையை மாட்டினேன், போயிட்டேன்.”

“ஜனனி அம்மா மேல கோபமா?”

நவீன் யோசித்தான். “அவங்க பொருள் போயிருக்கு. கேக்கத்தான் செய்வாங்க. எங்க அம்மாதான் மூணு நாளா சாப்பிடல. எனக்கு... இவ இன்னைக்கு வரைக்கும் எங்கிட்ட கேக்கல பாருங்க, அது போதும்.”

ஜனனி செருப்பு நுனியைப் பார்த்தாள். ஆஷிக் தொண்டையைக் கனைத்தான். “மாப்பிள்ளை, இதையே மேடையிலயும் சொல்லுங்க. நான் மைக் தரேன்.”

வீட்டுக்குள் ஜனனியின் அம்மா, கூடப்பிறந்த தம்பி உட்பட எல்லாரும் ‘ஆச்சி’ என்று கூப்பிடும் அழகம்மை ஆச்சி, விறைப்பாக உட்கார்ந்திருந்தார். கசங்காத சுங்குடிச் சேலை, சிவந்த மூக்கு. அழுததை விருந்தாளிக்குக் காட்டக் கூடாது என்று பலகாரத் தட்டை முன்னால் நகர்த்திவிட்டார். கூடத்தில் இரண்டு பெரிய பெட்டிகள் வாய் திறந்து கிடந்தன. புத்தம் புதிய ஸ்வெட்டர்கள், ஒரு கம்பளிக் குல்லாய், மேலே ஊறுகாய்ப் பொட்டலங்கள்.

“அந்தப் பையனைப் பார்த்தா திருடன் மாதிரி இல்லன்னுதானே நீங்களும் சொல்லப் போறீங்க?” என்று ஆச்சியே ஆரம்பித்தார். “எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. ஆனா வேற யாருங்க? நான் எடுக்கல. இவ எடுக்கல. சேவுகன் வானத்துல இருந்தான்.”

“அவரு பன்னெண்டு மணி ப்ளைட்ல வந்தாருன்னு யாரு சொன்னது ஆச்சி?”

“அவனேதான். எட்டு மணிக்குப் பெட்டியோட வந்து நின்னான். எத்தனை மணிக்குடா ஏறினேன்னு கேட்டேன். பன்னெண்டுன்னான். நானே மனசுக்குள்ள கூட்டிப் பார்த்தேன். சரியா எட்டு வந்துச்சு.” ஆச்சியின் குரலில் கொஞ்சம் பெருமை. கடை முதலாளியம்மாவின் மனக்கணக்கு. “அவன் பொய் பேச மாட்டாங்க. பேச வராது. சின்ன வயசுல மாங்காய் திருடினாக்கூட, எத்தனைடான்னு கேட்டா எண்ணிச் சொல்லி அடி வாங்குவான்.”

ஆஷிக் தட்டிலிருந்து ஒரு சீப்புச்சீடையை எடுத்துக் கடித்தான். “ஆச்சி, இது ஜோரா இருக்கு.”

“காரைக்குடியில இருந்து அவன் கொண்டாந்தது. அந்த ஊருக்குப் போனா இவன் பண்ற கூத்து இருக்கே!” ஆச்சிக்கு ஒரு நிமிடம் கவலை மறந்தது. “சமையல்காரர் உலை வைக்கிறதுக்கு முன்னாடியே இலையைப் போட்டு உக்காந்துடுவான். மணி பத்தரை இருக்கும்! கேட்டா, ‘கிள்ளான்ல ஒரு மணி ஆச்சு, என் வயித்துக்கு அதுதான் கணக்கு’ம்பான். விடியக்காலை மூணரைக்கு எழுந்து காப்பி கேப்பான். ஊரே சிரிக்கும்.”

“வயித்துக்கு ரோமிங் போடல போல” என்றான் ஆஷிக்.

“அதுதான் தம்பி! அன்னைக்கும் பாருங்க, வந்ததும் சாப்பிடுடான்னேன். முகமே சரியில்ல. வேணாம் ஆச்சி, மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல ப்ளைட்ல இட்லி குடுத்தான், மனசே விட்டுப் போச்சுன்னான். ஒரு இட்லிக்கு இவ்வளவு வருத்தமான்னு நான்கூட...”

நித்யாவின் கையில் இருந்த மணகோலப் பலகாரம் வாய்க்குப் போகாமல் நின்றது.

“இட்லியா ஆச்சி?”

“ஆமா. ரெண்டு. கல்லு மாதிரி இருந்துச்சாம்.”

நித்யா கூடத்தில் கிடந்த பெட்டிகளை ஒருமுறை பார்த்தாள். பிறகு கொண்டையிலிருந்த பென்சிலை உருவி, மறுபடியும் அதே இடத்தில் குத்திக்கொண்டாள். ஆஷிக்குக்கு அந்த அடையாளம் தெரியும். தட்டிலிருந்து இன்னும் இரண்டு சீப்புச்சீடையை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

“உங்க தம்பி வீடு பக்கமா ஆச்சி?”

“ரெண்டு தெரு தள்ளி, அடுக்குமாடியில. அவனை எதுக்கு...?”

“ஒரு கேள்விதான். ஏழு மணிக்குள்ள வந்துடுறோம். அதுக்கு முன்னால அவங்க வந்துட்டா, தட்டை வாங்கிடாதீங்க.”

லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூன்றாம் மாடி ஏறுவதற்குள் ஆஷிக் மூன்று தடவை கேட்டுவிட்டான். “இட்லியில என்ன பாஸ் இருக்கு? சாம்பார்ல கைரேகையா?”

“ஏறு, சொல்றேன்.”

கதவைத் திறந்த சேவுகனுக்கு அறுபதை ஒட்டிய வயது. கட்டம் போட்ட கைலி, வெள்ளை பனியன், மெலிந்த மணிக்கட்டில் சாவி கொடுத்து ஓட்டும் பழைய ஸ்டீல் வாட்ச். சுவர் முழுக்க ஜனனி. பால் பல் விழுந்த ஜனனி, சீருடை ஜனனி, பட்டமளிப்பு உடை ஜனனி. காரைக்குடிப் பயணப் பெட்டி இன்னும் பிரிக்கப்படாமல் மூலையில் நின்றது.

“வாங்கம்மா. உக்காருங்க. என்ன குடிக்கிறீங்க?”

ஆஷிக் சமையல் மேடையில் இருந்த பெரிய பச்சை டின்னைக் கண்டுவிட்டான். “மைலோ கிடைக்குமா அங்கிள்? ஐஸ் போட்டு?”

“மைலோ வேணாம் தம்பி” என்றார் சேவுகன் அவசரமாக. “காப்பி போடுறேன்.”

“மைலோதான்...”

“காப்பி நல்லா இருக்கும்.”

அவர் காப்பி கலக்கும் வரை நித்யா சுவரில் இருந்த படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குவளையை வாங்கிக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

“அங்கிள், ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்கு ப்ளைட் ஏறினீங்க?”

“பன்னெண்டு.”

“உங்க வாட்ச்சுலயா?”

“ஆமா.”

“உங்க வாட்ச் பன்னெண்டு காட்டினப்போ, திருச்சி ஏர்போர்ட் சுவர்க் கடிகாரத்துல மணி என்ன?”

சமையல் மேடையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. சேவுகன் அதை இறுக்கி மூடினார். மூடின பிறகும் கையை எடுக்கவில்லை.

“ஒன்பதரை” என்றார்.

ஆஷிக் காப்பியைக் கீழே வைத்தான். அவன் உதடு அசைந்து கணக்குப் போட்டது. ஒன்பதரை, நம் ஊர்ப் பன்னிரண்டு. பன்னிரண்டும் நாலும்... “நாலு மணி! நான் அப்பவே சொன்னேன்லா! நாலு மணிக்கு இறங்கிட்டாருன்னு!”

“விடை சரி. வழிதான் தப்பு” என்றாள் நித்யா. “பரீட்சையில பாதி மார்க். காரைக்குடி போனாலும் அங்கிள் வாட்ச்சைத் திருப்ப மாட்டார். அதனாலதான் பத்தரைக்குப் பசி. அதனாலதான் காலை ப்ளைட்ல காலைச் சாப்பாடா வந்த இட்லி, அவருக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல வந்த இட்லி. நிஜமாவே நடுப்பகல்ல கிளம்பின விமானத்துல யாராவது இட்லி குடுப்பாங்களா? அவர் பொய் சொல்லல. பன்னெண்டுன்னார். மிச்சக் கணக்கை ஆச்சி போட்டுக்கிட்டாங்க. நீ அந்த ரெண்டரையைக் கூட்ட மறந்த. ஆச்சி அதைக் கூட்டியிருக்கவே கூடாது. சொன்ன பன்னெண்டு ஏற்கெனவே நம்ம ஊர்ப் பன்னெண்டு.”

சேவுகன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“முதல் ப்ளைட்ல வந்து ஆச்சியையும் ஜனனியையும் அசத்தலாம்னு நினைச்சேன்” என்றார் சேவுகன். “அஞ்சரை இருக்கும், வீட்டுக்கு வந்தா ஆள் இல்ல. தொட்டிக்கு அடியில சாவியை எடுத்துத் திறந்தேன். கூடத்துல அந்தப் பெட்டி ரெண்டும் திறந்து கிடக்கு. ஸ்வெட்டர். குல்லாய். அவளுக்குக் குளிர் ஆகாதும்மா. கேமரன் மலைக்குக் கூட்டிக்கிட்டுப் போனாலே தும்மிக்கிட்டு இருப்பா. போன்ல போட்டுப் பார்த்தேன், பெர்த் எவ்வளவு தூரம்னு. நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல. காரைக்குடியே எனக்கு வேற உலகம். அதைவிட ஒன்றரை மடங்கு தூரத்துல கொண்டுபோய்...”

சொல்லை முடிக்காமல் கைலியில் கையைத் துடைத்தார்.

“கழுத்துரு இல்லன்னா கல்யாணம் தள்ளிப் போகும். புதுசு செய்ய மாசக்கணக்காகும். பையன் முதல்ல போவான், இவ இன்னும் கொஞ்ச நாள் இங்க இருப்பா. அவ்வளவுதான் அந்த நேரத்துல புத்தியில வந்துச்சு. எடுத்துக்கிட்டுப் போய் பாசார் சந்தைப் பக்கத்துக் காப்பிக் கடையில எட்டு மணி வரைக்கும் உக்காந்திருந்தேன். நவீன் அன்னைக்கு வந்துட்டுப் போனது எனக்குத் தெரியாது. ஆச்சி அவனைக் கேட்டுட்டாங்கன்னு தெரிஞ்சப்ப சொல்லியிருக்கணும். வாய் வரலம்மா.”

“நவீன் அம்மா மூணு நாளா சாப்பிடலயாம் அங்கிள்” என்றாள் நித்யா. கோபமாகச் சொல்லவில்லை. அதனாலேயே அவருக்கு அதிகம் வலித்தது.

“ஏழு மணிக்கு வர்றாங்க இல்ல?” என்று எழுந்து சட்டையைத் தேடினார். “நானே சொல்றேன். நீங்க சொல்ல வேணாம்.”

“பொருள் எங்க அங்கிள்?” என்றான் ஆஷிக்.

சேவுகன் பச்சை டின்னைப் பார்த்தார்.

“அடப்பாவமே” என்றான் ஆஷிக். “அதைக் கலக்கிக் குடிக்கத்தான் நான் அடம் பிடிச்சேனா?”

சேவுகனோடு அவர்கள் ஆச்சி வீட்டுக்குத் திரும்பியபோது நவீனின் வீட்டார் வந்துவிட்டிருந்தார்கள். ஒரு பக்கம் அழகம்மை ஆச்சி. எதிரே நவீனின் அப்பாவும் அம்மாவும். நடுவில், மேசையின் மேல், பட்டுத் துணி மூடிய நிச்சயத் தட்டு. நவீன் வாசற்படிக்கு வெளியேதான் நின்றான். ஜனனி கதவுக்கு உள்ளே. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு நிலைப்படி.

சேவுகன் நேராகப் போய் மைலோ டின்னைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து மூடியைத் திறந்தார். மாவுக்குள்ளிருந்து பிளாஸ்டிக் பை ஒன்றை இழுத்தார். பைக்குள் தங்கம் மினுங்கியது.

அழகம்மை ஆச்சி பையைப் பறித்துக்கொண்டார். “சேவுகா! நீ பன்னெண்டு மணிக்கு ஏறினேன்னு சொன்னியேடா!”

“பன்னெண்டுதான் ஆச்சி. கிள்ளான் பன்னெண்டு.”

ஆச்சி நெற்றியில் கை வைத்துக்கொண்டார். பத்தரைக்குப் போட்ட இலைகள் எல்லாம் அவர் கண்முன் வரிசையாக விரிந்திருக்க வேண்டும்.

சேவுகன் அதற்குள் வாசலுக்குப் போய்விட்டார். தன் வயதில் பாதிகூட இல்லாத பையன் முன்னால் நின்று இரண்டு கையையும் கூப்பினார். “தப்பு என்னோடது மாப்பிள்ளை. உங்க மேல பழி விழுந்தது தெரிஞ்சும் பேசாம இருந்தேன். திருட்டைவிட அதுதான் பெரிய தப்பு.” திரும்பி நவீனின் அம்மாவையும் பார்த்தார். “தங்கச்சி, எனக்காக வேணாம். இந்தப் பிள்ளைங்களுக்காகச் சாப்பிடுங்க.”

நவீன் அவருடைய கூப்பிய கைகளைப் பிடித்து இறக்கினான். “உள்ள போகலாம் அம்மான்” என்றான். அந்த வீட்டில் அவன் அவரை அப்படி அழைத்தது அதுதான் முதல் தடவை.

அழகம்மை ஆச்சி எழுந்து வந்தார். அவரால் சட்டென்று மன்னிப்புக் கேட்க முடியவில்லை. நவீனின் தோளைத் தொட்டு நிலைப்படிக்கு இந்தப் பக்கம் இழுத்துவிட்டார். “வாசல்லயே நிக்காதீங்க. நான் கேட்டது தப்பு. வாங்க.”

நவீனின் அப்பா மேசைப் பக்கம் திரும்பினார். தட்டைப் பார்த்துவிட்டு மகனைக் கூப்பிட்டார். “தம்பி, இதை எடுத்துக்கிட்டுப் போய் மறுபடியும் கார்லயே வை.”

ஆஷிக் இரண்டு கையையும் உயர்த்தினான், மைக் இல்லாத எம்சியாக. நித்யா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறு.”

ஜனனி மட்டும் இன்னும் அசையவில்லை. அவள் முகத்தைப் பார்க்கும் தைரியம் சேவுகனுக்கு இல்லை. மூன்று வயதிலிருந்து அவர் பார்த்துப் பழகிய முகம், இப்போது எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியவில்லை. அவள் நடந்து வந்தாள். அவருடைய இடது கையைப் பிடித்து, வெளிச்சத்துக்குத் திருப்பி, வாட்ச்சைப் பார்த்தாள்.

“நான் உங்க மேல ரொம்பக் கோபமா இருக்கேன் அம்மான்.”

“தெரியும் தாயி.”

“பெர்த் எவ்வளவு தூரம்னு போன்ல பார்த்தீங்களா?”

“நாலாயிரத்துக்கு மேல.”

“எவ்வளவு நேரம் பறக்கணும்னு பார்த்தீங்களா?”

“அஞ்சரை மணி நேரம்.”

“அங்க இப்ப மணி என்னன்னு பார்த்தீங்களா?”

அவர் தலையை ஆட்டினார். பார்க்கவில்லை.

“ஏழேகால்” என்றாள் ஜனனி.

சேவுகன் குனிந்து தன் வாட்ச்சைப் பார்த்தார். ஏழேகால். சாவியைத் தொட்டுப் பார்த்தார். ஓடிக்கொண்டுதான் இருந்தது.

“இங்க இருக்கிற நேரம்தான் அங்கயும். ஒரு நிமிஷம் கூடவும் இல்ல, குறையவும் இல்ல. காரைக்குடிக்கு நாலு மணி நேரத்துல போயிடுறீங்க, போய்ப் பத்தரைக்கு இலை போட்டு உக்காந்து எல்லாரும் சிரிக்கிற மாதிரி ஆகிடுது. பெர்த்துக்கு வந்தீங்கன்னா வாட்ச்சைத் தொடவே வேணாம். நீங்க இங்க ஒரு மணிக்கு உக்காரும்போது நானும் அங்க ஒரு மணிக்குத்தான் உக்காந்திருப்பேன்.” அவர் கையை விடாமலேயே சொன்னாள். “இதைக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன். மைலோவை வீணாக்கியிருக்க வேணாம்.”

கூடத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். நித்யா திரும்பிப் பார்த்தாள். ஆஷிக்.

“தூசி பாஸ்” என்றான்.

சேவுகன் வாட்ச்சைக் காதருகே கொண்டுபோய்க் கேட்டார். நாலாயிரம் கிலோமீட்டர் அந்தச் சின்ன சத்தத்துக்குள் எப்படி அடங்குகிறது என்று பார்ப்பவர்போல. பிறகு திறந்து கிடந்த பெட்டியைக் காட்டி, தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“அந்த ஊர்ல ஒரு மணிக்குச் சோறு கிடைக்குமா?”

“நீங்க வந்தா ஆக்கி வைக்கிறேன்” என்றாள் ஜனனி. “இட்லி மட்டும் கேக்கக் கூடாது.”